இன்போர்டு படகில் எக்ஸாஸ்ட் உயரம்: அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைக் கண்டறியும் வழிமுறை

பவானிசாகரில் 105 அடிக்கு எவ்வளவு, மேட்டூரில் 120 அடிக்கு எவ்வளவு என்று நாளிதழில் நீர்மட்டம் பார்த்துப் பழகிய பகுதி நம்முடையது. ஆகவே அணைக்கட்டில் ஓடும் ஒரு படகின் எஞ்சினுக்குள் தண்ணீர் ஏறிவிட்டால், அணை நிரம்பியதால் சைலன்சர் வழியாகத் தண்ணீர் புகுந்துவிட்டது என்ற விளக்கம் உடனே வந்துவிடுகிறது. அணையின் மட்டம் ஏறினால் படகும் கூடவே ஏறுகிறது. எஞ்சினுக்கும் வெளியே உள்ள தண்ணீருக்கும் இடைப்பட்ட உயரம் ஒரு மில்லிமீட்டர்கூட மாறுவதில்லை. அந்த உயரத்தை மாற்றுபவை படகில் ஏறும் சுமை, அந்தச் சுமை இருக்கும் இடம், எஞ்சின் படகுக்குள் எவ்வளவு ஆழத்தில் இறக்கி வைக்கப்பட்டிருக்கிறது என்பது ஆகியவைதான்.

தண்ணீரும் புகையும் ஒரே குழாயில் வெளியேறும் ஈர எக்ஸாஸ்ட் அமைப்பு உள்ள, எஞ்சின் படகுக்குள்ளேயே இருக்கும் இன்போர்டு படகுகளுக்காக இதை எழுதுகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. எக்ஸாஸ்ட் உயரத்தைக் கூட்டுவதால் தீரும் கோளாறு ஒன்றுதான். அதே அறிகுறியைக் காட்டும் வேறு கோளாறுகள் நான்கைந்து இருக்கின்றன. தண்ணீர் எந்த வழியாக வந்தது என்பதை உறுதி செய்யாமல் லேத் பட்டறையில் ரைசர் (எஞ்சினை ஒட்டிப் புகையை மேலே ஏற்றும் குழாய்) செய்யக் கொடுப்பவர்கள், பணத்தைச் செலவழித்த பிறகும் அதே எஞ்சினை மறுபடி பிரிக்க வேண்டியிருக்கும்.

தண்ணீரும் புகையும் போகும் பாதை

படகின் அடியில் உள்ள வால்வு வழியாக வெளித்தண்ணீர் உள்ளே வந்து, குப்பையை வடிக்கும் ஸ்ட்ரெய்னரைக் கடந்து, ரப்பர் இம்பெல்லர் பம்புக்குப் போகிறது. பம்பு அதை எஞ்சினுக்கோ கூலண்ட்டைக் குளிர்விக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சருக்கோ தள்ளுகிறது. வேலை முடிந்த தண்ணீர், எக்ஸாஸ்ட் எல்போ எனப்படும் குழாய் வளைவில் உள்ள ஒரு துளை வழியாகச் சூடான புகைக்குள் தெளிக்கப்படுகிறது. சுமையோடு ஓடும்போது பல நூறு டிகிரி செல்சியஸில் வெளிவரும் புகை அந்த இடத்தில் தணிவதால்தான், அதற்குப் பின்னால் ரப்பர் ஹோஸ் போட முடிகிறது. பிறகு தண்ணீரும் புகையும் சேர்ந்து சரிந்து இறங்கி, பல படகுகளில் வாட்டர்லாக் எனப்படும் நீர்ச் சைலன்சருக்குள் விழுகின்றன. புகையின் அழுத்தம் அந்தத் தண்ணீரை மேலே தூக்கி, படகின் பின்பக்கம் உள்ள வளைவைத் தாண்டச் செய்து வெளியே தள்ளுகிறது.

இந்தப் பாதையில் இரண்டு உயரங்கள் இருக்கின்றன. இவை அடிக்கடி குழப்பிக்கொள்ளப்படுகின்றன. எஞ்சினை ஒட்டிய ரைசரின் உயரம், சைலன்சரிலும் ஹோஸிலும் உள்ள தண்ணீர் சிலிண்டருக்குத் திரும்பாமல் காக்கிறது. பின்பக்க ஹோஸ் வளைவின் உயரம், வெளியிலிருந்து வரும் அலை சைலன்சருக்குள் நுழையாமல் காக்கிறது. ரைசர் குட்டையாக இருக்கும் படகில் பின்பக்க வளைவை மட்டும் உயர்த்தினால், நிறுத்தியவுடன் திரும்பி விழும் தண்ணீரின் அளவு கூடி, நிலைமை முன்பைவிட மோசமாகும்.

முதலில் செய்ய வேண்டிய அளவு

கொத்தனார்கள் அஸ்திவாரம் மட்டம் பார்க்கப் பயன்படுத்தும் ஒளி ஊடுருவும் ட்யூப் ஒன்று போதும். அதில் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையைப் படகுக்கு வெளியே, எஞ்சினுக்கு நேர் பக்கவாட்டில், தண்ணீருக்குள் அமிழ்த்திக் கட்ட வேண்டும். மறுமுனையை எஞ்சின் அறைக்குள் கொண்டு வந்து எல்போவை ஒட்டிப் பிடிக்க வேண்டும். ட்யூபுக்குள் தண்ணீர் எங்கே நிற்கிறதோ அதுதான் வெளியே உள்ள நீர்மட்டம். அந்த இடத்தில் எஞ்சின் அறைச் சுவரில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொள்ளலாம். உள்முனையை எப்போதும் அந்த மட்டத்துக்கு மேலேயே வைத்திருக்க வேண்டும். கீழே விட்டால் அணைத் தண்ணீர் ட்யூப் வழியாகப் படகுக்குள் கொட்டத் தொடங்கும்.

இந்த அளவை வெறும் படகில் எடுப்பதில் பயனில்லை. டீசல் டேங்க் நிறைந்திருக்க வேண்டும்; பயணிகள் உட்காரும் இடங்களில் அவர்களுடைய எடைக்கு ஈடாக 50 கிலோ சிமெண்ட் மூட்டைகளையோ 20 லிட்டர் தண்ணீர் கேன்களையோ வைக்க வேண்டும். பின்பெஞ்சில் கூட்டமாக உட்காரும் பழக்கம் உள்ள படகு என்றால், எடையை அங்கேயே வைத்து ஒரு முறை அளக்க வேண்டும், ஏனென்றால் பின்பக்கம் அழுந்தும்போது எல்போ வாயும் சேர்ந்து கீழிறங்குகிறது. கொச்சியிலோ வேறு கடற்கரையிலோ வாங்கி வந்த படகானால் இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். கடல்நீர் நன்னீரைவிடச் சுமார் 2.5 விழுக்காடு அடர்த்தி கூடியது. ஆகவே அதே எடையுள்ள படகு நம் அணைக்கட்டில் சற்றுக் கூடுதலாக அமிழும். இது சில மில்லிமீட்டர் அல்லது ஓரிரு சென்டிமீட்டர்தான் என்றாலும், கடலிலேயே விளிம்பில் இருந்த உயரம் இங்கே போதாமல் போய்விடலாம்.

கோட்டிலிருந்து எதுவரை அளப்பது என்பதிலும் கவனம் தேவை. எல்போவின் வெளி உச்சி வரை அளந்தால், வார்ப்பின் தடிமனும் உள்துளையின் விட்டமும் சேர்ந்து தவறான நம்பிக்கையைக் கொடுக்கும். தண்ணீர் எஞ்சின் பக்கம் வழிவதற்கு எந்த உள்விளிம்பைத் தாண்ட வேண்டுமோ, அந்த விளிம்பு வரை ஒரு தடவையும், தண்ணீர் புகைக்குள் தெளிக்கப்படும் துளை வரை ஒரு தடவையும் தனித்தனியே அளக்க வேண்டும். பல டீசல் எஞ்சின் கையேடுகளில், தெளிக்கும் துளை சுமையேற்றிய நீர்மட்டத்துக்கு மேல் 150 மி.மீ. இல்லையென்றால் பம்புக்கும் துளைக்கும் நடுவே ஏர் வால்வு வைத்த உயர் வளைவு கட்டாயம் என்று இருக்கும். வாட்டர்லாக் இல்லாமல் நேராக வெளியே போகும் பெட்ரோல் எஞ்சின்களுக்கு இன்னும் கூடுதல் உயரம் தேவை; சிலவற்றின் கையேட்டில் எல்போ உச்சிக்கு 13 அங்குலம், அதாவது 330 மி.மீ. என்று கொடுக்கப்பட்டிருக்கும். அந்த எஞ்சினில் உச்சி வரையே அளந்து ஒப்பிட வேண்டும். உங்கள் எஞ்சினின் கையேடு சொல்வதுதான் இறுதி அளவு.

அறிகுறி: நேற்று ஓடிய எஞ்சின் இன்று செல்ஃப் அடித்தால் ‘டொக்’ என்று நின்றுவிடுகிறது

ஓட்டுநர்கள் இந்த நேரத்தில் பட்டறைக்குப் போன் செய்து, “ஏனுங்க, பேட்டரி டவுனாட்ட இருக்குதுங்க, வேற பேட்டரி போட்டு இன்னொருக்கா அடிச்சுப் பாக்கட்டுங்களா?” என்று கேட்பார்கள். “வேண்டாமுங்க, சாவியக் கழட்டி வச்சிருங்க” என்பதைத் தவிர வேறு பதில் கிடையாது. சிலிண்டரில் தண்ணீர் இருந்தால் அது காற்றைப் போல அமுங்காது. ஒரு சிலிண்டர் ஒரு லிட்டர் கொள்ளளவும் 17:1 அழுத்த விகிதமும் உள்ள டீசல் எஞ்சினில், பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது மிச்சமிருக்கும் இடம் ஏறக்குறைய 60 மில்லிலிட்டர்தான். அரை டம்ளர் டீயின் அளவுகூட இல்லாத தண்ணீர் அந்த பிஸ்டனைத் தடுத்து நிறுத்திவிடும். பலமான பேட்டரியை மாட்டித் திரும்பத் திரும்ப அடித்தால் கனெக்டிங் ராடு வளையும். வளைந்த ராடு அன்றைக்கு ஓடினாலும் பிறகு ஒரு நாள் பிளாக்கை உடைத்துக்கொண்டு வெளியே வரும்.

செய்ய வேண்டியவை இவை. தண்ணீர் எடுக்கும் வால்வை மூடுங்கள். வாட்டர்லாக் சைலன்சரின் அடித்திருகைக் கழற்றி, வரும் தண்ணீரை ஒரு வாளியில் பிடித்து அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த அளவு பிறகு காரணம் தேடும்போது உதவும். டீசல் எஞ்சினானால் இன்ஜெக்டர்களையும், பெட்ரோல் எஞ்சினானால் ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றிவிட்டு, கிராங்க் புல்லியில் ஸ்பேனர் போட்டுக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்ற வேண்டும். எந்தத் துளையில் தண்ணீர் வருகிறது என்று பார்ப்பது முக்கியம். ரைசருக்கு மிக அருகில் உள்ள சிலிண்டரிலோ, படகில் தாழ்ந்திருக்கும் பக்கத்துச் சிலிண்டரிலோ மட்டும் வந்தால், எக்ஸாஸ்ட் வழியாக வந்த தண்ணீராக இருக்கவே வாய்ப்பு அதிகம். அதற்குத் தொடர்பில்லாத ஒரு சிலிண்டரில் மட்டும் வந்தால் ஹெட் கேஸ்கட், ஹெட் விரிசல் என்ற திசையில் யோசிக்க வேண்டும். நன்னீர்க் குளிர்விப்பு (எஞ்சினுக்குள் கூலண்ட் மட்டுமே சுற்றும் முறை) உள்ள எஞ்சினில் வந்த தண்ணீருக்குக் கூலண்ட்டின் நிறம் இருந்தால் அந்த ஐயம் உறுதியாகிவிடும்.

தண்ணீர் வெளியேறிய பின் செல்ஃபில் சில நொடிகள் சுற்றிவிட்டு, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் சிறிது எஞ்சின் ஆயிலை விட்டு மறுபடி கையால் சுற்ற வேண்டும். டிப்ஸ்டிக்கில் ஆயில் பால்காபி நிறத்தில் இருந்தால் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, சிறிது நேரம் ஓடவிட்டு, நிறம் தெளியும் வரை மறுபடியும் மாற்ற வேண்டும். இதை அன்றைக்கே செய்துவிட வேண்டும். நன்னீர்தானே என்று ஒரு வாரம் விட்டுவைத்த எஞ்சினில் சிலிண்டர் சுவரில் துரு வளையம் விழுந்து, ரிங் ஒட்டிக்கொள்ளும். எஞ்சின் மறுபடி ஓடத் தொடங்கியதும் எல்லாச் சிலிண்டர்களின் கம்ப்ரஷனையும் அளந்து ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் குறைவாக இருந்தால் ராடு வளைந்ததா, வால்வு துருவேறியதா என்று திறந்து பார்த்த பிறகே சுமையோடு ஓட்ட வேண்டும்.

தண்ணீர் எந்த வழியாக வந்தது

இந்தக் கட்டத்தில்தான் பொறுமை தேவைப்படுகிறது. காலியான சைலன்சரைக் கொண்டு, ஒவ்வொரு வழியாக அடைத்துச் சோதிக்க வேண்டும்.

முதல் நாள் எஞ்சினை ஓட்டி நிறுத்தி, ஹோஸிலிருந்து திரும்பி விழும் தண்ணீர் விழுந்து முடியும்வரை காத்திருந்து, சைலன்சரை அடித்திருகு வழியாகக் காலி செய்து, திருகை மறுபடி மூடுங்கள். தண்ணீர் எடுக்கும் வால்வைத் திறந்தே வைத்து, படகைச் சுமையோடு இரவு முழுவதும் விட்டு, காலையில் சைலன்சரில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பாருங்கள். மறுநாள் அதையே, அந்த வால்வை மூடிவிட்டுச் செய்யுங்கள். வால்வு திறந்திருந்தபோது மட்டும் தண்ணீர் சேர்ந்திருந்தால், அது சைஃபன். கிணற்றுத் தண்ணீரை ட்யூப் போட்டுப் பள்ளத்து வயலுக்கு இறக்கும்போது நடப்பதுதான் இங்கும் நடக்கிறது: பம்பு நின்ற பிறகும் குழாய் முழுவதும் தண்ணீர் தொடர்ந்து நிற்பதால், வெளிமட்டத்துக்குக் கீழே உள்ள எல்போத் துளை வழியாகத் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும், சைலன்சர் நிரம்பி எஞ்சினுக்குள் போகும்வரை. தேய்ந்த இம்பெல்லர் இதை இன்னும் எளிதாக்கும்.

வால்வு மூடியிருந்தபோதும் தண்ணீர் சேர்ந்திருந்தால், மூன்றாம் நாள் வெளிவாயையும் மரக்கட்டையால் அடைத்துப் பாருங்கள். அடைத்த பிறகு தண்ணீர் நின்றுவிட்டால் வெளியிலிருந்து வந்தது என்று பொருள். அப்போதும் வந்தால் ரைசரின் உள்சுவரோ, மேனிஃபோல்டோ, கேஸ்கட்டோ ஒழுகுகிறது. கட்டையை அடைக்கும்போது எஞ்சின் சாவியைக் கழற்றி அந்தக் கட்டையிலேயே கட்டித் தொங்கவிடுவது என் வழக்கம். அடைத்ததை மறந்து ஸ்டார்ட் செய்ய வழியே இருக்கக் கூடாது.

இந்த மூன்றிலும் அடங்காத ஒரு வழியும் இருக்கிறது. அணைக்கட்டுப் படகுகளில் இதை நான் மிகவும் அஞ்சுகிறேன். டீசல் லைனில் காற்று ஏறி ஸ்டார்ட் ஆகாத எஞ்சினை, வால்வைத் திறந்து வைத்தே நிமிடக் கணக்கில் செல்ஃப் அடித்துக்கொண்டிருப்பார்கள். எஞ்சின் சுற்றும்போதெல்லாம் தண்ணீர்ப் பம்பும் சுற்றுகிறது; சைலன்சருக்குள் தண்ணீர் போய்க்கொண்டே இருக்கிறது; அதை வெளியே தள்ளப் புகை மட்டும் இல்லை. சைலன்சர் நிரம்பியதும் தண்ணீர் எஞ்சினுக்குத் திரும்புகிறது. இதற்கு ரைசரை எவ்வளவு உயர்த்தினாலும் முழுப் பாதுகாப்பு கிடைக்காது. இரண்டு மூன்று முயற்சிகளில் எடுக்கவில்லை என்றால் தண்ணீர் வால்வை மூடிவிட்டு, சைலன்சரைக் காலி செய்த பிறகே தொடர வேண்டும். எஞ்சின் பிடித்துக்கொண்ட உடனே வால்வைத் திறந்துவிட வேண்டும், இல்லையென்றால் இம்பெல்லர் சில நிமிடங்களில் கருகிவிடும்.

காரணம் சைஃபன் என்றால்

ரைசரில் கை வைக்கத் தேவையில்லை. பம்புக்கும் எல்போவுக்கும் நடுவே உள்ள தண்ணீர் ஹோஸை, சுமையேற்றிய நீர்மட்டத்துக்கு மேல் குறைந்தது 300 மி.மீ. உயரத்துக்குத் தூக்கி வளைத்து, உச்சியில் ஒரு சிறிய ஏர் வால்வு பொருத்தினால் போதும். தோட்டத்துப் பைப்லைனில் மேட்டில் வைக்கும் ஏர் வால்வுக்கும் இதற்கும் வேலை ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால், நம் பகுதியில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் பைப்லைன் வால்வையே வாங்கி மாட்டக் கூடாது. படகுக்கென்று வரும் சிறிய ரப்பர் நாக்கு வால்வைத்தான் போட வேண்டும். கலங்கல் தண்ணீரில் அந்த நாக்கில் சேறு படிந்து ஒட்டிக்கொள்ளும். நீலகிரியிலிருந்து புதுத்தண்ணீர் செந்நிறமாக இறங்கும் மழைக்காலத்தில் மாதம் ஒரு முறையாவது கழற்றிக் கழுவுங்கள்.

காரணம் வெளியிலிருந்து வரும் அலை என்றால்

ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று ஆழியாறு, திருமூர்த்தி, அமராவதி பகுதிகளில் அணைத் தண்ணீரை நாள் முழுவதும் கிழக்கு நோக்கி அடித்துக்கொண்டிருக்கும். படகின் பின்பக்கம் மேற்கே பார்த்துக் கட்டப்பட்டிருந்தால், ஒவ்வொரு சிற்றலையும் வெளிவாய்க்குள் கொஞ்சம் தண்ணீரைத் தள்ளும். முதல் பரிகாரம் செலவில்லாதது: படகைத் திருப்பிக் கட்டுங்கள். அதன் பிறகும் தேவைப்பட்டால் பின்பக்க ஹோஸ் வளைவை உயர்த்தி, வெளிவாயில் ரப்பர் மூடி பொருத்தலாம். வேகமாக வந்து திடீரென்று ஆக்ஸிலேட்டரைக் குறைக்கும் ஓட்டுநர்களின் படகில், பின்னால் துரத்தி வரும் அலையே வாய்க்குள் ஏறும் என்பதையும் அவர்களிடம் சொல்ல வேண்டும்.

காரணம் குட்டையான ரைசர் என்றால்

அளவும் சோதனையும் இரண்டும் இதையே சொன்ன பிறகு வேலையைத் தொடங்கலாம். உயர்த்த வேண்டியது தண்ணீர் சேர்வதற்கு முந்தைய உலர்ந்த பகுதியை. எஞ்சினிலிருந்து புகை உலர்ந்தபடியே மேலே ஏற வேண்டும். உச்சியைத் தாண்டிக் கீழே இறங்கும் பக்கத்தில்தான் தண்ணீர் தெளிக்கப்பட வேண்டும். ஏறும் பக்கத்திலேயே தண்ணீர்த் துளை வைத்துவிட்டால், எத்தனை அடி உயர்த்தினாலும் தெளித்த தண்ணீர் எஞ்சினை நோக்கியே வழியும். தெளிக்கும் துளை உச்சியின் உள்விளிம்புக்கு நன்றாகக் கீழே இருக்க வேண்டும். அதன் பிறகு ஹோஸ் எங்கும் தொய்வில்லாமல், ஒரு மீட்டருக்குக் குறைந்தது 40 மி.மீ. சரிவோடு சைலன்சர் வரை இறங்க வேண்டும்.

உங்கள் எஞ்சினுக்கென்றே வரும் தண்ணீர்ச் சட்டை (சுற்றிலும் தண்ணீர் ஓடும் வெளிச்சுவர்) போர்த்திய இடைத்துண்டு கிடைத்தால் அதையே வாங்குங்கள். சில பெட்ரோல் எஞ்சின்களுக்கு 3 அங்குலம், 6 அங்குலம் என்ற உயரங்களில் அது கிடைக்கிறது. அதில் கவனிக்க வேண்டியது கேஸ்கட்தான். தண்ணீர்த் துளைகள் முழுவதும் திறந்தது, பாதி திறந்தது, மூடியது என்று ஒரே வடிவத்தில் வெவ்வேறு கேஸ்கட்கள் வரும். பழையதை எடுத்து, புதியதன் மேல் வைத்து, துளைக்குத் துளை பார்த்துப் பொருத்த வேண்டும். மூடிய கேஸ்கட்டைத் தவறான இடத்தில் போட்டால் ரைசருக்குத் தண்ணீர் போகாமல் பெயிண்ட் கருகும்.

அப்படிக் கிடைக்காவிட்டால், கோவையில் செய்துகொள்வது கடினமல்ல. குறிச்சி சிட்கோவிலும் கணபதியிலும் ஸ்டெயின்லெஸ் குழாய் வளைத்து ஆர்கான் வெல்டிங் செய்யும் பட்டறைகள் உண்டு. 316எல் ரகக் குழாயைக் கேளுங்கள். டீசல் புகையும் தண்ணீரும் சேரும் இடத்தில் உண்டாகும் அமிலம் சாதாரண இரும்பை விரைவில் தின்றுவிடும், பித்தளையையும் விட்டுவைக்காது. குழாயின் உள்விட்டம் பழைய எல்போவின் உள்விட்டத்தைவிடக் குறையக் கூடாது. கூர்மையான மூட்டு வளைவுகளுக்குப் பதிலாக நீண்ட வளைவுகளைக் கேட்க வேண்டும். ஃபிளாஞ்சை (போல்ட் போட்டு இணைக்கும் தட்டை) வெல்டிங் செய்த பிறகு அதன் முகத்தை லேத்தில் மறுபடி தட்டையாக்கச் சொல்லுங்கள். வெல்டிங் சூட்டில் அது கட்டாயம் கோணியிருக்கும். தண்ணீர்ச் சட்டை இல்லாத உலர் ரைசர் என்றால் முழுவதையும் கண்ணாடி இழை நாடாவால் சுற்ற வேண்டும். பக்கத்தில் பிளைவுட், ஃபைபர், ஒயர் எதுவும் இருக்கக் கூடாது. எஞ்சின் அறை மூடி மேலே இடிக்காமல், காற்றோட இடைவெளியோடு மூடுகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

நம் ஊர்க் கடைகளில் முதலில் கைக்குக் கிடைப்பது பம்புசெட்டுக்குப் போடும் பச்சை சக்ஷன் ஹோஸ். அதை எக்ஸாஸ்டில் ஒருபோதும் போடாதீர்கள். தண்ணீர் ஓட்டம் சில நொடி தடைப்பட்டாலும் அந்தப் பிளாஸ்டிக் இளகி, அழுந்தி, கிழிந்துவிடும். கிழிந்த ஹோஸ் நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால் படகே முழுகிவிடும். கம்பிச் சுருள் வைத்த படகு எக்ஸாஸ்ட் ஹோஸைக் கொச்சியிலிருந்து வரவழைத்தாவது போட்டு, ஒவ்வொரு முனையிலும் இரண்டு ஸ்டெயின்லெஸ் கிளாம்ப் இறுக்குங்கள்.

சைலன்சரின் கொள்ளளவையும் அப்போதே கணக்கிட வேண்டும். 75 மி.மீ. உள்விட்ட ஹோஸ் ஒரு மீட்டருக்கு 4.4 லிட்டர் பிடிக்கும்; 50 மி.மீ. ஹோஸ் ஏறக்குறைய 2 லிட்டர் பிடிக்கும். சைலன்சரிலிருந்து பின்பக்க வளைவு வரை 75 மி.மீ. ஹோஸ் 1.2 மீட்டர் ஏறுகிறது என்றால், எஞ்சினை நிறுத்தியதும் 5.3 லிட்டர் வரை திரும்பி விழலாம். அவ்வளவும் விழுந்த பிறகும் சைலன்சரின் உள்வாய் தண்ணீருக்கு மேலே இருக்க வேண்டும். முன்பு வாளியில் பிடித்து அளந்தீர்களே, அந்த அளவை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அறிகுறி: உயர்த்திய பிறகு கரும்புகை வருகிறது, முழு வேகம் கிடைக்கவில்லை

பின்னழுத்தம், அதாவது புகை வெளியேறுவதை எதிர்க்கும் அழுத்தம், கூடியிருக்கலாம். உலர்ந்த நேர்ப்பகுதியில் ஒரு சிறு துளையிட்டு, ஒரு மீட்டர் செம்புக் குழாய் வழியாகச் சூட்டைத் தணித்து, ‘யு’ வடிவில் பலகையில் கட்டிய தண்ணீர் ட்யூபோடு இணையுங்கள். முழுச் சுமையில், முழு வேகத்தில் இரு பக்கத் தண்ணீருக்கும் உள்ள வேறுபாடு 100 மி.மீ. என்றால் பின்னழுத்தம் ஏறக்குறைய 1 கிலோபாஸ்கல். டர்போ எஞ்சின்களின் வரம்பு பொதுவாகக் குறைவு என்பதால், கையேட்டின் எண்ணோடு கட்டாயம் ஒப்பிட வேண்டும். கூடுதலாக இருந்தால் கூர் வளைவு, குறுகிய குழாய், தேவைக்கு மேல் உயர்த்திய பின்பக்க வளைவு என்ற வரிசையில் தேடுங்கள். பின்பக்க வளைவை 300 மி.மீ. உயர்த்தினால், மோசமான நிலையில் 3 கிலோபாஸ்கல் வரை கூடும். தேவையான உயரத்துக்கு மேல் பாதுகாப்புக்காகக் கொஞ்சம் என்று ஏற்றிக்கொண்டே போகக் கூடாது என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

அறிகுறி: ஹோஸ் சுடுகிறது, வெள்ளை ஆவி வருகிறது, ரப்பர் வாடை அடிக்கிறது

இது உயரக் கோளாறு அல்ல, தண்ணீர் போதவில்லை. உடனே வேகத்தைக் குறைத்து, வெளிவாயில் தண்ணீர் விட்டுவிட்டுப் பாய்ந்து வருகிறதா என்று பாருங்கள். ஆகாயத்தாமரை வேரும் பாசியும் ஸ்ட்ரெய்னரை அடைத்திருக்கும், அல்லது இம்பெல்லரின் இதழ் முறிந்திருக்கும். முறிந்த இதழ்த் துண்டுகளைத் தேடி எடுக்காமல் புது இம்பெல்லர் போட்டால், அவை ஹீட் எக்ஸ்சேஞ்சரின் வாயில் போய் மறுபடி அடைக்கும். ரைசரை உயர்த்திய பிறகு மட்டும் இந்த அறிகுறி வந்தால், தண்ணீர் ஹோஸை நீட்டும்போது சிறிய அளவில் போட்டுவிட்டார்களா, எங்காவது மடிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

அறிகுறி: ஃபிளாஞ்ச் அருகே கரி படிகிறது, எஞ்சின் அறையில் புகை வாடை

உயர்த்திய ரைசர் கூடுதல் எடையோடு நீட்டிக்கொண்டிருப்பதால், எஞ்சின் அதிர்வில் ஸ்டட்கள் தளரும். ரைசரை எஞ்சினோடு பிணைக்கும் ஒரு தாங்கி கட்டாயம் தேவை. அதைப் படகின் உடலோடு பிணைத்தால், ரப்பர் மவுண்டில் ஆடும் எஞ்சினுக்கும் ஆடாத படகுக்கும் நடுவே ரைசர் விரிசல் விடும். முதல் சில மணி நேர ஓட்டத்துக்குப் பின் ஆறவிட்டு ஸ்டட்களை மறுபடி முறுக்குங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாடையோ நிறமோ இல்லை. கூரையும் பக்கத் திரையும் போட்ட பயணிகள் படகில் அது தேங்கினால் உயிரைப் பறிக்கும். ஃபிளாஞ்சில் கரிக்கோடு தெரிந்த படகில், கேஸ்கட் மாற்றி, சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வரவில்லை என்று உறுதி செய்யும்வரை, ஒரு பயணியைக்கூட ஏற்றாதீர்கள்.